தவக்காலமும் நம் கிராமப் பங்குகளும்

பொங்கலின் ஆரவாரம் ஓய்ந்து, களத்துமேடுகள் வெறுமையாகி, வெயில் தன் கடுமையைக் காட்டத் தொடங்கும் நாள்களில் தவக்காலம் நம் கிராமங்களுக்கு வருகின்றது. நம் முன்னோர் விபூதிப் புதன் என்றழைத்த திருநீற்றுப் புதனன்று, நிலமுடையவரும் கூலிக்குச் செல்பவரும், பள்ளிச் சிறுவரும் தள்ளாடும் மூதாட்டியரும் ஒரே வரிசையில் நின்று சாம்பல் பெறுகின்றனர். சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து ஏந்திய ஓலைகளை எரித்தே இச்சாம்பல் ஆக்கப்படுகின்றது. வெற்றி முழக்கத்தின் அடையாளமாயிருந்த ஓலை, மனிதன் மண்ணே என்பதற்கு அடையாளமாகிவிடுகின்றது. அவ்வரிசையில் எவருக்கும் தனிச் சாம்பல் இல்லை.

இந்த ஒரே சாம்பலில் தொடங்கும் நாற்பது நாளும் நம்மை ஒரே குடும்பமாக்குகின்றனவா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

குருவற்ற ஊர்களில் நின்ற செபம்

நம் பங்குகளில் பல, ஒரு தலைமை ஊரும் அதைச் சுற்றிய கிளைக் கிராமங்களும் சேர்ந்தவை. சில கிளைக் கிராமங்களில் வாரம் ஒருமுறை திருப்பலி உண்டு. சிலவற்றில் மாதம் ஒருமுறையே. மற்ற நாள்களில் கோயில் மணியை அடிப்பவரும், செபமாலையைத் தொடங்குபவரும், சிலுவைப் பாதையை நடத்துபவரும் உபதேசியாரோ ஊர்ப் பெரியவரோதான்.

இது இன்று நேற்று ஏற்பட்ட நிலையன்று. 1606ஆம் ஆண்டு தத்துவ போதகர் மதுரைக்கு வந்த காலம் தொட்டே குருக்கள் சிலர், ஊர்கள் பல. 1773ஆம் ஆண்டு இயேசு சபை கலைக்கப்பட்டு, 1838ஆம் ஆண்டு அச்சபைக் குருக்கள் மதுரை மறைத்தளத்துக்குத் திரும்பும் வரை, பல ஊர்கள் குருவின் முகத்தைக் காண்பதே அரிதாயிருந்தது. அந்நாள்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்களும், மனப்பாடமாய் மந்திரம் சொல்லித் தந்த தாய்மாருமே. இலத்தீனில் பூசை நடந்த காலத்தில், மக்கள் தம் தாய்மொழியில் ஆண்டவரோடு வாய்விட்டுப் பேசிய இடமும் இந்தப் பக்தி முயற்சிகளே. ஆகவேதான் ஒப்பாரியின் சாயலோடு வியாகுலத் தாயின் புலம்பலைப் பாடியபோது, அது அவர்கள் தம் சொந்த வீட்டுத் துக்கமாகவே ஒலித்தது.

1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், மக்களின் பக்தி முயற்சிகளைப் பெரிதும் பாராட்டியதோடு, அவை திருவழிபாட்டுக் காலங்களோடு இசைந்து, மக்களைத் திருவழிபாட்டுக்கே இட்டுச் செல்ல வேண்டுமெனக் கற்பித்தது. பாராட்டு, நெறி ஆகிய இரண்டையும் நாம் மறத்தலாகாது.

சிலுவைப் பாதை செல்லும் வழி

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நம் கோயில்கள் நிறைவதற்குச் சிலுவைப் பாதையே காரணம். அதன் நிலைகள் பதினான்கு என்று 1731ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் வரையறுத்தார். கோயிற் சுவரில் அந்தப் பதினான்கு படங்களைப் பார்த்தே பாடுகளின் வரலாற்றைக் கற்ற எழுத்தறியாப் பெரியோர் நம் ஊர்களில் எத்தனை பேர்!

பல ஊர்களில் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை கோயிலை விட்டுத் தெருவுக்கு வருகின்றது. அன்று ஊரின் உள்ளம் வெளிப்படுகின்றது. சிலுவையைத் தூக்குபவர் யார்? அது எந்தத் தெருக்கள் வழியாகச் செல்கின்றது? எந்தத் தெருவின் முனையோடு திரும்பிவிடுகின்றது? எருசலேமில் ஆண்டவரின் சிலுவையைச் சுமக்க உதவியவர் வெளியூரார். வயலிலிருந்து வந்து கொண்டிருந்த சீமோன். ஊரின் கடைக்கோடியில் வாழும் உழைப்பாளியின் வாசலுக்குச் செல்லாத சிலுவைப் பாதை, அந்தச் சீமோனைத் தவிர்த்துவிட்டுக் கல்வாரிக்குப் போக முயல்வதாகும்.

பழைய புண் ஒன்றை இங்கு நினைவுகூர்வது தகும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டு எழுந்த திருக்குடும்ப ஆலயம், சாதி வேற்றுமையின் பொருட்டு, பீடத்திலிருந்து இரு கிளைகளாகப் பிரிந்து அமைந்தது. பலி ஒன்று; மக்களுக்கு நடுவிலோ தடுப்புச் சுவர். 1910ஆம் ஆண்டு அச்சுவர் இடிக்கப்பட்டது. அது குறித்து வழக்கு நீதிமன்றம் வரை சென்றும் சுவர் மீண்டும் எழவில்லை. கல்லாலான சுவர் வீழ்ந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் தேர் செல்லும் தெருவிலும், திருவிழா வரி வாங்குவதிலும், கல்லறைத் தோட்டத்திலும் அதன் நிழல் இன்னும் முழுதும் நீங்கவில்லை என்பதை நாம் அறிவோம். இந்திய ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டு தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக்கொள்கையே வெளியிட வேண்டியிருந்தது. இறந்தோருக்காக நவம்பர் 2ஆம் நாள் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம், ஒரே மண்ணுக்குத் திரும்புபவர்களை வேலியிட்டுப் பிரித்து வைப்பது எந்த வேதத்தில் உள்ளது?

ஒறுத்தலும் கஞ்சியும்

நோன்பின் சட்டம் இன்று மிகவும் எளியது. 1966ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு ஒழுங்குகளைத் திருத்தியமைத்த பின்னர், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமே கட்டாய ஒருசந்தி நாள்கள். 18 வயது நிறைந்தோர் 59 வயது நிறையும் வரை இதற்குக் கட்டுப்பட்டவர்கள். 14 வயது நிறைந்தோர் சுத்தபோசனம் காக்கக் கடமைப்பட்டவர்கள். சட்டம் தளர்ந்தது அன்பு வளரும் பொருட்டே. உண்ணாமல் மிச்சப்பட்டது இல்லாதவரின் கலத்தைச் சேராவிடில், அது நோன்பன்று, சிக்கனமே.

இதை நம் கிராமத்துப் பெண்கள் நூல் படியாமலே அறிந்திருந்தனர். உலையில் அரிசியிடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரிசி வழக்கம் அவர்களுடையது. பல ஊர்களில் தவக்காலத்தில் கோயில் வளாகத்தில் கஞ்சி காய்ச்சப்படுகின்றது. அறுவடை முடிந்து வயலில் வேலை குறைந்திருக்கும் காலத்தில் அக்கஞ்சி பல வீடுகளுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. இன்று அந்த அளவு வறுமை பல ஊர்களில் இல்லை. ஆயினும் கஞ்சியின் பயன் தீர்ந்துவிடவில்லை. அடுப்பு மூட்டுபவர், தேங்காய் துருவுபவர், துவையல் அரைப்பவர், பாத்திரம் கழுவுபவர் என எல்லா வீட்டாரும் கூடி, எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும்போது, ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத இரு குடும்பத்தார் ஒரே அண்டாவைப் பிடித்துத் தூக்க நேரிடுகின்றது. எத்தனையோ பிரசங்கங்கள் செய்யாததை அந்த அண்டா செய்துவிடும். தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு விரைவோர் பெருகினால், அந்த நன்மையை இழந்துவிடுவோம்.

கைகள் குறையும் காலம்

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் ஆண்கள் மட்டுமன்றிப் பெண்களும் இறைமக்களின் எல்லாப் பகுதியினரும் இடம்பெறலாமெனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு ஒழுங்கு செய்தார். பாஸ்காத் திருவிழிப்பு நெடுங்காலம் சனிக்கிழமை காலையிலேயே நடந்து வந்தது. 1951ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அதனை இரவுக்கு மீட்டளிக்கத் தொடங்கினார். இருளில் ஒரு திரியிலிருந்து அடுத்தவரின் திரிக்கு ஒளி தாவி, கோயில் முழுவதும் வெளிச்சமாகும் அழகு நமக்குக் கிட்டியது. திருச்சபை கதவைத் திறந்து வைத்துள்ளது. உள்ளே வந்து பொறுப்பேற்கும் கைகளே குறைகின்றன.

நம் இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புக்காகச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. அவர்கள் அனுப்பும் பணத்தால்தான் பல கோயில்கள் புதுப்பிக்கப்பட்டுள்ளன. ஆனால் பணத்தால் ஒலிபெருக்கி வாங்கலாம். புலம்பல் பாடும் தொண்டையை வாங்க இயலாது. பதிவு செய்த பாடல் ஒலிக்க, மக்கள் வாய்மூடி நடந்தால், அது பவனியாகுமேயன்றிச் செபமாகாது.

2020ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் கொள்ளைநோயின் காரணமாகக் கோயில்கள் மூடப்பட்டு, ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவும் மக்களின்றியே நடந்தது. செபம் நடத்தத் தெரிந்த ஒருவர் இருந்த வீடு அன்று சிறு கோயிலாக விளங்கிற்று. அத்தகையவர் இல்லாத வீடு தொலைக்காட்சியையே நம்பியிருந்தது. இந்தப் பாடத்தை நாம் மறக்கலாமா?

ஆகவே, அன்பு வாசகர்களே, வரும் தவக்காலத்தில் பெரிய செலவில்லாத நான்கு காரியங்களை நம் பங்குகளில் தொடங்குவோம். பாடத் தெரிந்த முதியோர் அருகில் இரு சிறுவரை அமர்த்திப் புலம்பலையும் மன்றாட்டுகளையும் கற்பிப்போம். வெள்ளிதோறும் ஓர் அன்பியம் சிலுவைப் பாதையை நடத்தட்டும். பெரிய வெள்ளியன்று சிலுவை நம் ஊரின் ஒவ்வொரு தெருவுக்கும் செல்லட்டும். பாஸ்கா இரவுக்கு முன்பு, பேச்சு முறிந்த ஒரு வீட்டின் வாசலை ஒவ்வொரு குடும்பமும் மிதிக்கட்டும்.

ஒரே சாம்பலைப் பெற்ற நெற்றிகள், ஒரே திரியின் ஒளியைப் பெறும் முகங்களாக மாறட்டும். உயிர்த்த ஆண்டவர் நம் ஊர்களுக்கு அந்த வரத்தை அருள்வாராக.