கடாரம் வரை போன சோழர் கப்பல் ஆஸ்திரேலியா போகாதது ஏன்?

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்கு 'சோழன் உவந்தான்' என்று ஒரு கதை சொல்வார்கள். அது எப்படியோ, வெற்றிலைக் கொடிக்குப் பூர்வீகம் தென்கிழக்காசியா என்பதுதான் தாவரவியலாளர்கள் பலரின் கருத்து. அது கடல் தாண்டி நம்மிடம் வந்தது. சோழர்கள் அதே கடலில் எதிர்த்திசையில் போனார்கள்.

1025-ல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கியது. இன்றைய மலேசியா, சுமத்ரா பகுதிகள். 1088-ல் சுமத்ராவின் பாரூஸ் அருகே தமிழ் வணிகர்கள் கல்வெட்டே வைத்தார்கள். அவ்வளவு தூரம் போனவர்கள் பக்கத்துக் கண்டத்தை ஏன் எட்டிப் பார்க்கவில்லை?

'பார்த்தாங்க, மறைச்சிட்டாங்க' என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதில் சுற்றும். ஆதாரம், நியூசிலாந்தில் கிடைத்த தமிழ் எழுத்துள்ள கப்பல் மணி. மணி நிஜம்தான். ஆனால் அதிலுள்ள கப்பல்காரர் பெயர் முகைதீன் பக்ஸ். சோழர் காலத்துக்கு ரொம்பப் பிந்தையது.

கடலும் பெரிய தடை இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் முன்னோர் குறைந்தது 50,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைத் தாண்டிவிட்டார்கள். சந்தன மரம் வாங்க வணிகர்கள் வந்துபோன திமோர் தீவிலிருந்து ஆஸ்திரேலியா சுமார் 500 கிலோமீட்டர். மதுரை-சென்னை தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

விஷயம் சரக்கில் இருக்கிறது. கப்பல் என்பது பெரும் முதலீடு. போகும் இடத்தில் துறைமுகம், சந்தை, திரும்பி வர ஏற்றிக்கொள்ளப் பொருள் எல்லாம் வேண்டும். மலாக்கா நீரிணையைத் தாண்டினால் வடக்கே சீனா, கிழக்கே கிராம்பு விளையும் மலுக்கு தீவுகள். தெற்கே மக்கள் வாழ்ந்தார்கள். ஆனால் வெளியூர் வணிகன் தேடும் சந்தை இல்லை. 1606-ல் அங்கே கரையிறங்கிய டச்சுக்காரர்களும் லாபம் தெரியாததால் குடியேறவில்லை. பிரிட்டன் 1788-ல் போனதுகூட கைதிகளை இறக்கத்தான்.

சரக்கு கிடைத்ததும் கதை மாறியது. மண்டபம் பக்கம் அடிக்கடி கடத்தலில் பிடிபடுமே, அந்தக் கடல் அட்டை. சீனாவில் அதற்கு நல்ல விலை. 18-ம் நூற்றாண்டிலேயே இந்தோனேசியாவின் மக்காசர் மீனவர்கள் டிசம்பர் பருவக்காற்றில் வட ஆஸ்திரேலியா போய், கடல் அட்டையை வேகவைத்து உலர்த்தி, காற்று திரும்பியதும் ஊர் வந்தார்கள். அரசு அனுமதி மறுத்ததால் 1907-ல் இது நின்றது.

அவர்களோடு பழகிய யோல்ங்கு பழங்குடியினர் பணத்தை இன்றும் 'ருப்பியா' என்கிறார்கள். நம்ம ரூபாய்க்கும் அதற்கும் வேர் ஒன்றுதான்.