கோழி நல்ல கோழிதான்... கம்பி நல்ல கம்பியா?

சேலம்:

ராத்திரி 8 மணி. புதிய பஸ் நிலையத்துக்குப் போகிற ரோட்டோரம் ஒரு தள்ளுவண்டிக் கடை. இரும்பு டிரம்மை நெடுக்காகப் பிளந்து செய்த அடுப்பு. உள்ளே கரி கனன்று கொண்டிருந்தது. மேலே மசாலா தடவிய கோழித் துண்டுகள். பார்சலுக்கு நாலு பேர் காத்து நின்றார்கள்.

திடீரென்று "டங்" என்று ஒரு சத்தம்!

கோழி அடுக்கியிருந்த கம்பித் தட்டு நடுவில் முறிந்தது. அத்தனை துண்டும் நெருப்புக்குள் விழுந்தது. கொழுப்பு பட்டதும் குப்பென்று தீ எழுந்தது. நின்றவர்கள் பின்னால் குதித்தார்கள்.

நல்ல வேளையாக யாருக்கும் காயம் இல்லை. ஆனால் கடைக்காரரின் அன்றைய லாபம் சாம்பல் ஆனது.

"எட்டு மாசத்துல இது மூணாவது தட்டுங்க" என்றார் அவர், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"எங்கே வாங்கினீங்க அண்ணா?" என்று கேட்டோம்.

"காயலாங்கடையிலதானுங்க. பழைய பிரிட்ஜுக்குள்ள இருக்குற தட்டு. பளபளன்னு இருந்துச்சு. எடைக்குப் போட்டுக் கொடுத்தாங்க. டிரம்முக்கு அளவாவும் இருந்துச்சு."

அந்தப் பளபளப்புதான் குற்றவாளி!

கோழியைப் பார்த்தோம், கம்பியைப் பார்த்தோமா?

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓட்டல் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதே கடையில் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஷவர்மா விற்பனைக்குத் தற்காலிகத் தடை போடப்பட்டது. ஊர் ஊராக அதிகாரிகள் கடைகளில் சோதனை நடத்தினார்கள்.

அது இறைச்சி சம்பந்தப்பட்ட விவகாரம். அதற்கும் கம்பிக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அன்று முதல் ஜனங்கள் உஷாராகிவிட்டார்கள். "கோழி இன்னிக்கு வெட்டினதா? நல்லா வெந்துச்சா?" என்று கேட்டு வாங்குகிறார்கள். முட்டைக்கும் கோழிக்கும் பேர் போன நாமக்கல், சேலம் பக்கத்தில் கோழியைப் பற்றி யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கோழி அரைமணி நேரம் படுத்துக் கிடக்கிற கம்பி எந்த உலோகம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கடைக்காரரும் கேட்பதில்லை. "கம்பிதானே, எதுவா இருந்தா என்ன?" என்கிறார்கள்.

எதுவாகவும் இருக்கக் கூடாது!

பிரிட்ஜ் தட்டு ஆபத்து

பிரிட்ஜ் தட்டு குளிருக்காகச் செய்தது, நெருப்புக்காகச் செய்தது அல்ல. உள்ளே இருப்பது மெல்லிய இரும்புக் கம்பி. மேலே வெறும் பூச்சு. சிலவற்றில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். பழைய காலத்துப் பிரிட்ஜ் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் என்ற உலோகப் பூச்சு உண்டு. அது 321 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். உடம்புக்குள் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம் அது.

எந்தத் தட்டில் எந்தப் பூச்சு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அடுப்பு மேல் பிரிட்ஜ் தட்டே வேண்டாம்.

ஜி.ஐ. வலை

அடுத்த ஆசாமி ஜி.ஐ. கம்பி வலை. கோழிக்கூண்டுக்கும் வேலிக்கும் அடிக்கிற வலைதான். நம் பக்கத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். விலையும் மலிவு. வெட்டி அடுப்பு மேல் போட்டுவிடுகிறார்கள்.

அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். 420 டிகிரியில் அது உருகும். சிவந்து கனலும் கரியின் சூடோ 700 டிகிரியைத் தாண்டும். கொழுப்பு சொட்டித் தீ எழும்போதும், விசிறியை வேகமாகச் சுற்றும்போதும் கம்பிக்கு எவ்வளவு சூடு ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைக்கும் தொழிலாளர்களைக் கேளுங்கள். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும் என்று சொல்வார்கள்.

சூடு இல்லாவிட்டாலும் வில்லங்கம் உண்டு. கோழிக்குத் தடவுவது எலுமிச்சம்பழமும் தயிரும். இரண்டும் புளிப்பு. புளிப்பு பட்டால் துத்தநாகம் கரையும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்காதே என்று பாட்டி சொன்னதும் இதே போன்ற காரணத்தால்தான்.

ஒருநாள் சாப்பிட்டவர் அப்படியே சாய்ந்துவிடுவார் என்று நாம் பயமுறுத்தவில்லை. ஆனால் தினமும் அஞ்சு மணி நேரம் அந்தப் புகைக்கு முன்னால் நிற்பது யார்? கடைக்காரர்தான்.

பின் எதை வாங்குவது?

நெருப்புக்கு லாயக்கான கம்பித் தட்டு இரண்டு வகை.

ஒன்று, வார்ப்பு இரும்பு. கனமாக இருக்கும். மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை விடாது. கோழியில் கோடு கோடாக அழகாகச் சுவடு விழும். தோசைக்கல்லைப் பழக்குவது போலவே இதையும் எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துரு ஏறும். கொதிக்கும் தட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். கீழே போட்டால் உடையும்.

இரண்டு, எவர்சில்வர் கம்பி. துரு பிடிப்பது குறைவு. கழுவுவது சுலபம். தினமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வருகிறவர்களுக்கு இதுதான் சௌகரியம்.

குரோமியம் முலாம் பூசிய இரும்புத் தட்டு மூன்றாவதாக ஒன்று உண்டு. புதிதில் எவர்சில்வர் போலவே மின்னும். நாளடைவில் முலாம் உரியும். உரிந்த இடத்தில் துரு. வருஷத்துக்கு நாலு தடவை வீட்டு மாடியில் சுடுகிறவர்களுக்கு அது போதும். தினசரி வியாபாரத்துக்கு நிற்காது.

காந்தம் சொல்லும் பாதி உண்மை

"காந்தம் ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்" என்று கடைவீதியில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பாதிதான் உண்மை.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் வையுங்கள். இறுக்கமாகக் கவ்வினால் அது பெரும்பாலும் பூச்சு பூசிய இரும்பு. காந்தம் ஒட்டும் எவர்சில்வரும் ஒரு ரகம் உண்டு என்பதால், சந்தேகம் இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மேல் பூச்சும் உள் இரும்பும் வேறு வேறு நிறமாகத் தெரியும்.

காந்தம் ஒட்டாவிட்டாலும் ஏமாறலாம். எவர்சில்வரில் 304 என்று ஒரு ரகம். அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். 202 என்று இன்னொரு ரகம். நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், விலையும் குறைவு. இரண்டிலும் காந்தம் ஒட்டாது! உப்பும் சூடும் சேர்ந்தால் 202 முதலில் கறுத்துத் துரு காட்டும். ஆகவே காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். "304" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

"இது சேலம் ஸ்டீல் கம்பிங்க" என்று சொன்னாலும் உடனே மயங்க வேண்டாம். கஞ்சமலை அடிவாரத்தில் 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1981-ல் உற்பத்தி தொடங்கிய உருக்காலையால் நம் ஊருக்கு எவர்சில்வரில் தனிப் பெயர் உண்டு. ஆனால் அந்த ஆலையின் முக்கியச் சரக்கு தகடும் சுருளும்தான். கடையில் வெட்டிக் கொடுக்கும் கம்பி எங்கே செய்தது என்று கேட்பதில் தப்பில்லை.

கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

4 மில்லிமீட்டர் கம்பியும் 8 மில்லிமீட்டர் கம்பியும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. எடை போட்டால் நாலு மடங்கு. எடைக்குத்தான் காசு என்பதால் மெல்லியதை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு பதினாறு மடங்கு! நாலு பங்கு காசுக்குப் பதினாறு பங்கு வேலை. எந்த வியாபாரத்தில் இந்தக் கணக்கு கிடைக்கும்?

கம்பிக்குக் கம்பி இடைவெளி சுண்டுவிரல் நுழையாத அளவு இருந்தால் சின்னத் துண்டும் கீழே விழாது. மீன் சுடுகிறவர்கள் இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும்.

வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுத்தால், எவர்சில்வர் ராடு போட்டே பற்றவைக்கச் சொல்லுங்கள். சாதா ராடு போட்டால் ஒட்டின இடமெல்லாம் துரு பிடித்து முதலில் அங்கேதான் விட்டுப்போகும்.

கட்டடத்து முறுக்குக் கம்பியை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அதன் மேல் உள்ள வரிகளில் கொழுப்பு போய் அடைந்துகொள்ளும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

அளவு எடுப்பது எப்படி?

முறிந்த தட்டை எடுத்துப் போய் "இதே அளவு" என்று சொல்லாதீர்கள். அது சூட்டில் வளைந்து நெளிந்து போன தட்டு. டேப்பை அடுப்பிலேயே வைத்து, தட்டு உட்காரும் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளவு எடுங்கள்.

அந்த அளவுக்குச் சரியாகவும் செய்யக் கூடாது. இரண்டடி நீள எவர்சில்வர் கம்பி 500 டிகிரி சூடேறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வில் மாதிரி வளையும், வெல்டிங் விடும். ஆகவே கால் அங்குலம் குறைத்துச் செய்யுங்கள்.

இன்னொன்று. பாட்டி காலத்துக் குமுட்டி அடுப்பில் கரிக்குக் கீழே ஒரு சல்லடை இருக்குமே, அதுபோல டிரம் அடுப்பிலும் கரியைத் தாங்க ஒரு கம்பித் தட்டு உண்டு. நெருப்பில் அதிகம் வேகிறது அதுதான். மேல் தட்டு பழசானதும் கீழே போடலாம். கீழே கிடந்ததை ஒருநாளும் மேலே ஏற்றாதீர்கள்.

பிரஷ் முள்

புதுத் தட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, கோழி வைக்காமல் அரைமணி நேரம் தணலில் காய விடுங்கள். பட்டறை எண்ணெய் எல்லாம் எரிந்து போகும்.

தினமும் சுத்தம் செய்யக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் முள் உதிர்ந்து தட்டில் ஒட்டும், தட்டிலிருந்து கோழிக்கு, கோழியிலிருந்து தொண்டைக்கு. அமெரிக்காவில் ஒரே ஆஸ்பத்திரிக்கு இப்படி முள்ளை விழுங்கிய 6 பேர் வந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் எச்சரித்தது. தேங்காய் நாரும் சாம்பலும் போதும். பிறகு எண்ணெய் தொட்ட பாதி வெங்காயத்தால் ஒரு தேய்.

மேல்துரு என்றால் தேய்த்து எடுத்துவிடலாம். செதில் செதிலாக உரிந்தாலோ, கம்பி இளைத்துப் போனாலோ மாற்றிவிட வேண்டியதுதான்.

சட்டமும் இதையே சொல்கிறது. உணவு படும் சாமான்கள் துருப்பிடிக்காததாகவும், விஷம் கலக்காததாகவும் இருக்க வேண்டும் என்பது 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதி.

கடைசியில்...

இதையெல்லாம் அந்தக் கடைக்காரரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"மிச்சம் விழுற துண்டெல்லாம் வீட்டுக்குத்தானுங்க போகும். எம் புள்ளைங்கதான் திங்குதுங்க" என்றார் மெதுவாக.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனோம். அடுப்பு மேல் 8 மில்லிமீட்டர் கம்பியில் புதுத் தட்டு. பட்டறைக்காரர் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு மீதியை வாரா வாரம் தரச் சொன்னாராம்.

"பழைய தட்டை என்ன செஞ்சீங்க அண்ணா? காயலாங்கடைக்கே போட்டுட்டீங்களா?"

"போட்டேனுங்க. ஆனா ரெண்டா அறுத்து வளைச்சுத்தான் போட்டேன். முழுசாப் போட்டா, பளபளன்னு இருக்குன்னு இன்னொருத்தன் வாங்கிட்டுப் போயி அடுப்பு மேல வச்சுருவானே!"