மோட்டார் காயிலுக்கு ஏற்ற காப்புப் பூச்சு எது?

திண்டுக்கல் சமவெளியில் கிணற்றுப் பாசனத்தை நம்பிப் பயிர் செய்வோர் பலர். காய்கறி பூப்பிடிக்கும் சமயத்தில் மோட்டார் புகைந்துவிட்டால், காயில் கட்டி வருவதற்குள் பயிர் வாடிவிடும்.

மோட்டார் எரிந்தது என்றால் பெரும்பாலும் செம்புக் கம்பி உருகிவிட்டது என்று பொருளன்று. கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சு கருகி, அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக் கொண்டன என்பதே பொருள். இப்பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. எனவே காயில் கட்டக் கொடுக்கும்போது பூச்சையும் கேட்டறிதல் அவசியம்.

முதலில் நேம் பிளேட்டைப் பார்க்க வேண்டும். 'பி' வகுப்புக் காப்பு 130 டிகிரி சென்டிகிரேடு வரையும், 'எஃப்' வகுப்பு 155 டிகிரி வரையும் தாங்கும். தாங்கும் அளவுக்கு மேல் 10 டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே கம்பி, வார்னிஷ், இடைத்தாள் மூன்றும் குறித்த வகுப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மட்டமானாலும் மற்றவை பயன்படா.

கரையில் இயங்கும் மோட்டாருக்கு எனாமல் கம்பியும் வார்னிஷும் ஏற்றவை. வார்னிஷைப் பிரஷ்ஷால் மேலே தடவினால் உட்சுற்றுகளுக்குச் சேராது. ஸ்டேட்டரைச் சூடாக்கி ஈரம் போக்கி, வார்னிஷில் குமிழி அடங்கும்வரை அமிழ்த்தி, வடியவிட்டு, தயாரிப்பாளர் கூறும் சூட்டில் உலர்த்துவதே முறை.

உள்ளே நீர் நிரப்பி இயக்கும் நீர்மூழ்கி மோட்டாருக்கு இது உதவாது. பி.வி.சி. உறையிட்ட கம்பி, அல்லது பாலியெஸ்டர் படலமும் பாலிப்ரொப்பிலீன் நாடாவும் சுற்றிய கம்பியே வேண்டும். இவை நீரைத் தாங்கும். ஆனால் எனாமல் அளவுக்குச் சூட்டைத் தாங்கா. எனவே மோட்டாரைக் கிணற்றில் இறக்குமுன் உள்ளே சுத்தமான நீர் நிரம்பியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். கிணறு வற்றிய நிலையில் ஓட்டுதல் கூடாது.

வேலை முடிந்ததும், காயிலுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே 500 வோல்ட் மெக்கரால் சோதித்துக் காட்டும்படி கேட்கலாம். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் மோட்டாரைப் பொருத்தலாகாது. நன்கு உலர்ந்த புதிய காயில் இதைவிடப் பன்மடங்கு காட்டும்.

நல்ல பூச்சும் ஒரு பேஸ் போன நிலையில் ஓடும் மோட்டாரைக் காக்காது. அதற்கு ஓவர்லோடு ரிலேயும் ஒற்றைப் பேஸ் தடுப்பானும் தேவை.

மோட்டார் உடலில் அடிக்கும் பெயிண்டு துருவைத் தடுக்குமே தவிர ஷாக்கைத் தடுக்காது. எர்த் கம்பி பிணைக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடுமாறு இறுக்க வேண்டும். காயில் பூச்சு பயிரைக் காக்கும். எர்த் கம்பி உயிரைக் காக்கும்.