பசியை அடக்கும் செடி... பங்கு கேட்ட மக்கள்!

'ஆப்பிரிக்காவின் ரகசிய மூலிகை, பசியே எடுக்காது!' - இப்படி ஒரு வெயிட்லாஸ் மாத்திரை விளம்பரம் உங்க மொபைல்ல எப்போவாவது வந்திருக்கா? அந்த ரகசியம் யாரோடதுன்னு யோசிச்சிருக்கீங்களா?

செடியின் பெயர் ஹூடியா. பார்க்கக் கள்ளி மாதிரி இருந்தாலும், நம்ம ஊர் எருக்கோட தூரத்துச் சொந்தம். தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரி பகுதியில் வாழும் சான் மக்கள், நாள்கணக்கில் வேட்டைக்குப் போகும்போது இதன் தண்டை மென்றே பசியையும் தாகத்தையும் சமாளிச்சாங்க.

தென்னாப்பிரிக்காவின் சி.எஸ்.ஐ.ஆர் (நம்ம ஊர் சி.எஸ்.ஐ.ஆர் இல்லைங்க, பெயர்தான் ஒண்ணு!) இதை ஆராய்ச்சி செய்து, பசியை அடக்கும் பொருளுக்கு 1990-களின் நடுவில் காப்புரிமை வாங்கியது. அந்த உரிமம் பிரிட்டனின் ஃபைட்டோஃபார்ம் நிறுவனத்துக்கும், அங்கிருந்து ஃபைசருக்கும் போனது. சான் மக்கள்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. 2001-ல் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தபோது ஃபைட்டோஃபார்ம் தரப்பு சொன்ன காரணம்தான் ஹைலைட். அந்த மக்கள் அழிஞ்சுபோயிட்டதா நினைச்சாங்களாம்! அப்போ சுமார் ஒரு லட்சம் சான் மக்கள் உயிரோடதான் இருந்தாங்க.

விடலையே அவங்க. வழக்கறிஞர்களோடு போய் உட்கார்ந்தாங்க. 2003-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது: சி.எஸ்.ஐ.ஆருக்கு வரும் ராயல்டியில் 6 சதவிகிதம், ஆராய்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் வரும் தொகையில் 8 சதவிகிதம். ஆனா, பெரிய பணம் வரலை. ஃபைசர் விலகியது, அடுத்து வந்த யூனிலீவரும் பாதுகாப்பு, பலன் இரண்டிலும் சந்தேகம் வந்து 2008-ல் கைவிட்டது. இதுக்கு நடுவுல, ஆன்லைன்ல ஹூடியா மாத்திரை வித்தவங்க யாருக்கும் பங்கு தராமலே கல்லா கட்டினாங்க. காட்டுச்செடிகளைக் கண்டபடி பிடுங்கியதால, அதன் சர்வதேச வணிகத்துக்கே கட்டுப்பாடு வந்தது.

பணத்தைவிட அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெருசா தெரியுது. 2017-ல் சான் மக்களே ஆய்வாளர்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டாங்க. மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை - இந்த நாலுதான் அடிப்படை. எங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிட்டு, அனுமதி வாங்கிட்டு ஆராய்ச்சியைத் தொடங்குங்கன்னு கறாரா சொல்லிட்டாங்க.

அடுத்தது ரூய்போஸ். ஹெல்த் கடைகளில் விற்கும் சிவப்பு நிற, கஃபைன் இல்லாத அதே டீதான். அது தங்கள் பாரம்பர்ய அறிவுன்னு சான், கொய்கொய் மக்கள் பல வருஷம் பேச்சுவார்த்தை நடத்தினாங்க. 2019-ல் அந்தத் தொழில்துறையே ஒப்புக்கிட்டது. இப்போ, பண்ணையில் கிடைக்கும் விலையில் 1.5 சதவிகிதம் அவங்க சமூகங்களுக்கு!