வெள்ளைச் சேலையில் ஒரு நாயகி

1935-ல் 'நந்தனார்' படத்தில் நடிக்க கே.பி.சுந்தராம்பாளுக்குப் பேசப்பட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைய நிலையில் அந்தப் பணத்துக்கு ஒரு முழுப் படத்தையே எடுத்துவிடலாம். அவருக்கு நடிக்க விருப்பமில்லை, கேட்டவர்களைத் திருப்பி அனுப்பத்தான் அவ்வளவு பெரிய தொகையைச் சொன்னார், அவர்களோ சரி என்றுவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தப் படத்தில் அவர் ஏற்றது கதாநாயகி வேடமல்ல, நந்தன் என்ற ஆண் வேடம். அவரோடு வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர்.

ஒரு லட்சம் கொடுத்து அழைத்துவந்த நடிகைக்கு ஏன் ஆண் வேடம்? அதற்கு அவர் கதையின் தொடக்கத்துக்கே பின்னோக்கிப் போகவேண்டும்.

காவிரிக் கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது கொடுமுடி. சுந்தராம்பாள் அங்கே 1908-ல் பிறந்தார். வீட்டில் வறுமை. சிறுமி ரயிலில் பாடிக் காசு வாங்கிக் கொண்டிருந்தாள், அந்தக் குரலைக் கேட்ட ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி.நடேசய்யர் மேடைக்கு வழிகாட்டினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கும்பகோணத்தில் வேலு நாயர் கம்பெனியின் 'நல்லதங்காள்' நாடகத்தில், பசியில் வாடும் பிள்ளைகளில் ஒன்றாக அவர் மேடையேறினார். பசி எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்நாளைய நாடக மேடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் அவர் குரலின் அருமை விளங்காது. ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு வழக்கம் உண்டு. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார், பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நேராக மேடையில்தான் சந்திப்பு. ராத்திரி தொடங்கினால் விடிகிற வரைக்கும் போகும். மைக் இல்லாத காலம். ஓரத்தில் ஆர்மோனியக்காரர் சுருதியை ஏற்றிக்கொண்டே போவார், கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் சொல்லாகக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அந்த வரிசையிலிருந்தே சத்தம் வரும். அந்தப் பள்ளியில் தேறிய குரல் சுந்தராம்பாளுடையது. உச்சஸ்தாயியில் பாடும்போதும் ஓர் எழுத்துக்கூட மழுங்காது.

அந்தக் குரலுக்கு ஈடான இன்னொரு குரல் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவிடம் இருந்தது. இருவரும் இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில் சேர்ந்து நடித்தார்கள். 'வள்ளி திருமண'த்தில் வேலன் பாட்டால் மடக்க, வள்ளி பாட்டாலேயே திருப்பி மடக்கும் தர்க்கம் உண்டு. இந்த ஜோடியின் தர்க்கத்தைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஆனாலும் 1927-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். பிறந்த குழந்தை தங்கவில்லை. இடையில் மனக்கசப்பும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைக் கதர்ச் சேலை, நெற்றியில் திருநீறு. இன்னோர் ஆணுக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்ற முடிவிலிருந்தும் அவர் கடைசிவரை மாறவில்லை.

நாடகத்துக்கும் சினிமாவுக்கும் காதல்தான் மூலதனம். இருபத்தைந்து வயதில் அதை வேண்டாம் என்று சொல்லும் நடிகைக்கு வேலை கிடைப்பதே கஷ்டம். இங்கேயோ சினிமாதான் அவருக்கு ஏற்ற வேடத்தைத் தேடி அலைந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி வற்புறுத்தி அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்து வந்தார். நந்தன் வேடமும் பொருந்தியது, ஏனென்றால் பெண்கள் ராஜபார்ட் போடுவது மேடைக்குப் பழக்கமானதுதான். பின்னாளில் எம்.எஸ்.சுப்புலட்சுமிகூட 'சாவித்திரி'யில் நாரதராக வந்தார். 'நந்தனார்' எதிர்பார்த்த அளவுக்கு எடுபடவில்லை. 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர் பாடியதையே மக்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள். 1940-ல் சுந்தராம்பாள் 'மணிமேகலை'யில் நடித்தார். அந்தக் கதாநாயகியும் துறவியேதான்.

பிறகு நெடிய இடைவெளி. அதன் பின் 1953-ல் வந்தது எஸ்.எஸ்.வாசன் பிரம்மாண்டமாகத் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்'.

ஔவையின் கதையை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் பேசி வருகிறார்கள். தமிழுக்கும் தெய்வத்துக்கும் வாழ நினைக்கும் பெண், என் இளமையை எடுத்துக்கொள் என்று பிள்ளையாரிடம் அழுகிறாள். நொடியில் கிழவியாகிறாள். அதன் பிறகு அவளை யாரும் பெண் கேட்டு வருவதில்லை. ஊர் ஊராகப் போகிறாள், அரசர்களிடம் சரிசமமாகப் பேசுகிறாள். இருபது வருடமாக வெள்ளை உடுத்தி ஊர் ஊராகப் பாடிவந்த ஒரு பெண்ணைத் திரையில் பார்த்தவர்கள், இது வேடம், இது ஆள் என்று பிரித்துப் பார்த்திருக்க முடியாது. வாசன் யானைக் கூட்டத்தைக் கொண்டுவந்து கோட்டையை இடித்துக் காட்டினார். இன்று பார்த்தாலும், கோல் ஊன்றி நிற்கும் அந்தக் கிழவியின் முகத்தைத் தாண்டி யானைகள் மேல் கண் போவதில்லை. படம் வந்தபோது அவருக்கு 45 வயதுகூட நிரம்பவில்லை.

மெட்ராஸ் சட்ட மேலவை உறுப்பினராகவும் சுந்தராம்பாள் இருந்தார். 1964-ல் கருணாநிதி வசனம் எழுதிய 'பூம்புகா'ரில் கவுந்தி அடிகள். தீவிர பக்தையான அவர் சமணத் துறவியாக, நாத்திகர் எழுதிய வசனத்தைப் பேசினார். அடுத்த வருடமே ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாட'லில் மறுபடி ஔவை. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்தும் அந்தக் காட்சியில் அதட்டலும் கொஞ்சலும் ஒரே மூச்சில் வரும். பேரப்பிள்ளையிடம் பாட்டி பேசுகிற உரிமை அது. பெற்ற குழந்தையை இழந்தவருக்கு அது எங்கிருந்து வந்ததோ!

'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கிடைத்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

இன்றும் பள்ளி ஆண்டுவிழாவில் மாறுவேடப் போட்டி என்றால் ஒரு ஔவையாராவது வந்துவிடுவாள். முடிக்கு மாவைப் பூசி, அம்மாவின் வெள்ளைச் சேலையை இடுப்பில் சொருகி, நெற்றி நிறையத் திருநீறு இட்டு, தாத்தாவின் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, குரலை வேண்டுமென்றே கணீரென்று உயர்த்தி இரண்டு வரி சொல்லிவிட்டு ஓடுவாள். அந்தக் குழந்தை கே.பி.சுந்தராம்பாள் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்காது.