மதிப்பெண் போடும் எதிரி

1973 அக்டோபர் போரில் சூயஸ் கால்வாய்க்கும் கோலன் குன்றுகளுக்கும் மேலே பறந்த இஸ்ரேலிய விமானிகளை அவர்களுடைய எச்சரிக்கைக் கருவியே கைவிட்டது. எதிரியின் ரேடார் விமானத்தைக் குறிவைத்தால் காதில் ஒலியெழுப்ப வேண்டிய கருவி அது. பழைய சோவியத் ஏவுகணைகளின் ரேடார்கள் விட்டுவிட்டுத் துடிப்புகளாக அலை அனுப்பும். அவற்றைக் கண்டால் கருவி ஒழுங்காகக் கத்தும். எகிப்தும் சிரியாவும் புதிதாக இறக்கியிருந்த ‘குவாத்ராத்’ ஏவுகணையின் முறை வேறு. தரையிலிருந்து இலக்கின் மேல் இடைவிடாமல் பாயும் அலை தெறித்து வருவதைப் பிடித்துக்கொண்டே அது துரத்தும். அப்படி ஒரு அலை உண்டென்பதே கருவிக்குத் தெரியாது. மூன்று வாரம்கூட நீடிக்காத அந்தப் போரில் இஸ்ரேல் சுமார் 100 விமானங்களை இழந்தது. எல்லாவற்றையும் குவாத்ராத்தின் கணக்கில் எழுத முடியாதுதான், பீரங்கிகளுக்கும் பங்குண்டு.

அடையாளம் தெரிந்துவிட்டால் ரேடாரைக் குழப்புவது அவ்வளவு கடினமல்ல. இயற்பியலே துணைக்கு வரும். ரேடாரின் அலை இலக்குவரை போய்த் திரும்ப வேண்டும். தொலைவு இரு மடங்கானால் திரும்பி வரும் அலையின் வலு 16இல் ஒரு பங்காகிவிடும். விமானத்திலிருந்து குழப்ப அலை வீசும் கருவியான ஜாமரின் அலைக்கோ ஒருவழிப் பயணம்தான். அது 4இல் ஒரு பங்காக மட்டுமே குறையும். அதனால் தொலைவில் இருக்கும்வரை சின்ன ஜாமர்கூடப் பெரிய ரேடாரைத் திணறடிக்கும். நெருங்க நெருங்க ரேடாரின் கை ஓங்கும்.

ஆனால் எந்த அதிர்வெண்ணில், எந்த இடைவெளியில் அடிப்பது? இதற்காக ஒவ்வொரு போர் விமானமும் தெரிந்த ரேடார்களின் பட்டியலைச் சுமந்து செல்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்று எதிர்ப்பட்டால் அதன் அலையைப் பதிவுசெய்து, ஆய்வகத்தில் அலசி, மாற்று வழி எழுதி, மறுபடி விமானத்தில் ஏற்றுவார்கள். ரேடாரின் குணம் அதன் உதிரிபாகங்களிலேயே உறைந்திருந்த காலத்துக்கு இந்த நிதானம் போதுமாக இருந்தது. இன்றைய ரேடார் மென்பொருளால் நொடியில் நடை மாற்றிக்கொள்கிறது. போதாததற்கு, போர் மூளும்வரை வெளியே காட்டாமல் பூட்டி வைத்திருக்கும் அலைமுறைகளும் உண்டு.

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு நுழைகிறது. அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்பா, முன்பின் தெரியாத ரேடாரைப் பறக்கும்போதே படித்து, அதற்கான எதிர்வினையை அங்கேயே உருவாக்கும் திட்டமொன்றை 2012இல் தொடங்கியது. 2016இல் ஆய்வாளர் டிம் ஓஷியாவின் குழுவினர், நிபுணர்கள் வகுத்த அளவுகோல்கள் எதுவுமில்லாமல், ரேடியோ அலையின் மூல மாதிரிகளைப் பார்த்தே அதன் வகையைச் சொல்லும் நரம்பு வலையமைப்பைக் காட்டினார்கள். ஆனால் இத்தகைய வலையமைப்புகளுக்கு ஒரு கெட்ட பழக்கம்: அறிமுகமே இல்லாத அலையைக் கொடுத்தாலும், தெரிந்த வகைகளில் ஒன்றின் பெயரைத் தயங்காமல் சொல்லிவிடும். ‘தெரியவில்லை’ என்று சொல்ல அவற்றுக்குத் தனியாகப் பயிற்சி தர வேண்டும்.

அடையாளம் கண்ட பிறகும் சிக்கல் தீர்வதில்லை. இயந்திரம் ஒரு குழப்ப அலையை வீசிப் பார்க்கும், ரேடார் என்ன செய்கிறதென்று கவனிக்கும், அதிலிருந்து கற்கும். சதுரங்கம் கற்ற கணினிகளும் இப்படித்தான் தேறின. ஆனால் சதுரங்கத்தில் வென்றது யார் என்பதை விதிகளே சொல்லிவிடும். குண்டு விழுந்த இடத்தில் பள்ளமாவது தெரியும். குழப்பப்பட்ட ரேடாரில் அப்படி எதுவும் தெரியாது. அது இலக்கை விட்டுவிட்டு வானத்தைத் துழாவத் தொடங்கினால், உண்மையிலேயே குழம்பியதா, நடிக்கிறதா? இயந்திரத்துக்கு மதிப்பெண் போடுவது எதிரி. பொய் மதிப்பெண் போட அவனுக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது.

மனிதர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1982 ஜூனில் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் ஆளில்லாப் போலி விமானங்களை அனுப்பியது. நிஜ விமானங்கள் என்று நம்பிச் சிரியர்கள் ரேடார்களை இயக்க, அவை இருந்த இடம் அம்பலமானது. அங்கிருந்த ஏவுகணை அணிகளில் பெரும்பாலானவை ஒரே நாளில் அழிந்தன.

அப்படியானால் மனிதருக்கு என்ன வேலை? அமெரிக்கக் கடற்படையின் பழைய மின்னணுப் போர் விமானமான பிரௌலரில் நால்வர் பறந்தார்கள். அதன் இடத்துக்கு வந்த கிரௌலரில் இருவர்தான். ஒளியைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. நொடிக்கு 5,000 துடிப்புகள் விடும் ரேடார் அதற்குள் ஆயிரத்தை அனுப்பிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்டு இயந்திரம் காத்திருக்க முடியாது. எனவே நம்மவரின் தகவல் தொடர்பு எது, தொடக்கூடாத அலைவரிசைகள் எவை, எதுவரை போகலாம் என்பதையெல்லாம் மனிதர் முன்கூட்டியே வரையறுக்கிறார். பிறகு, இயந்திரம் எட்டும் முடிவைச் சந்தேகிக்கிறார். இரண்டாவது வேலைதான் கடினம் என்பது என் எண்ணம்.

2003 மார்ச் 23 அன்று, ஈராக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை, ரேடாரைத் தேடி வரும் ஏவுகணை என்று அமெரிக்காவின் பேட்ரியாட் வான்காப்பு ஏவுகணை அமைப்பு வகைப்படுத்தியது. முடிவெடுக்கக் குழுவினருக்குக் கிடைத்தது சுமார் ஒரு நிமிடம். அவர்கள் திரையை நம்பிச் சுட்டார்கள்; தங்கள் பக்கத்து வீரர்கள் இருவர் இறந்தார்கள். அந்த ஈராக் போரில் பேட்ரியாட் செயல்பட்ட விதத்தை ஆராய்ந்த பென்டகனின் அறிவியல் வாரியம், அமைப்பு பெரும்பாலும் தானாகவே இயங்குகிறது என்றும், அதை இயக்குபவர்களின் பங்கு கூட வேண்டும் என்றும் 2005இல் சொன்னது. அதற்காக மென்பொருள், திரை, பயிற்சி மூன்றையுமே மாற்ற வேண்டும் என்றது.