மறைந்து போன படக்காட்டி
பழைய புகைப்படச் செயலியைத் திரும்பப் பெறும் வழி

புடவைக் கரையின் மாதிரி, முந்தானையின் பூவேலை, சாயம் தோய்த்த நூலின் நிறம், மாமரத்தில் கண்ட நோய், ஆலங்கட்டி மழையில் உதிர்ந்த காய் ஆகிய யாவற்றையும் புகைப்படமாக எடுத்துக் கணினியில் சேர்த்து வைக்கும் வழக்கம் இன்று நம் அங்கத்தினரிடையே பரவியுள்ளது. வியாபாரி பழைய மாதிரியைக் கேட்கும்போதும், பயிர்ச் சேதத்திற்கு அத்தாட்சி வேண்டும்போதும் அந்தப் படங்களே துணை நிற்கின்றன. ஆகவே அவை சங்கத்தின் சொத்து என்றே கொள்ளத் தகும்.

இந்நிலையில், கணினி ஓர் இரவில் தன்னைத் தானே புதுப்பித்துக் கொள்கிறது. மறுநாள் படத்தைத் தொட்டால் பழகிய படக்காட்டிக்குப் பதிலாக வேறொரு செயலி திறக்கிறது. பொத்தான்கள் இடம் மாறியிருக்கின்றன, ஆல்பங்களைக் காணோம். பத்தாண்டு மாதிரிகள் பறிபோயின என்று அஞ்சி, யாரோ சொன்ன செயலியை எங்கிருந்தோ இறக்குவோரும் உண்டு. உண்மையான நஷ்டம் பெரும்பாலும் அப்பொழுதுதான் தொடங்குகிறது. சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரைப் பக்கத்து அங்கத்தினர்கள் இதனால் அல்லற்படாதிருக்கும் பொருட்டு விஷயத்தை இங்கே விளக்குகிறோம்.

படம் வேறு, செயலி வேறு

முதலில் அறிய வேண்டியது இது. படங்கள் வன்தட்டில் கோப்புகளாக இருக்கின்றன. செயலி அவற்றைக் காட்டும் கருவி மட்டுமே. பீரோவின் கண்ணாடிக் கதவை மாற்றினால் உள்ளே மடித்து வைத்த சேலைகள் போய்விடுவதில்லை அல்லவா? அதுபோல், செயலி மாறினாலும் படங்கள் தம் கோப்புறையிலேயே இருக்கும். கோப்புறையைத் திறந்து, படங்கள் உள்ளனவா என்று பார்த்து மனம் தேறுவதே முதற் காரியம். அவை அனைத்தையும் ஒரு பென்டிரைவிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுப்பது இரண்டாவது காரியம். இவ்விரண்டும் முடியும் வரை வேறெதையும் தொடலாகாது.

மாற்றம் நேர்ந்த வரலாறு

2009ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 7இல் ‘விண்டோஸ் போட்டோ வியூவர்’ என்னும் எளிய படக்காட்டி இருந்தது. விரைவாகத் திறக்கும்; அச்சிடும்; படத்தைத் திருப்பும். 2015 ஜூலை 29இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது ‘போட்டோஸ்’ என்னும் புதிய செயலி அதன் இடத்தைப் பிடித்தது. ஆயினும் பழையது அழிக்கப்படவில்லை. விண்டோஸ் 7 அல்லது 8.1இலிருந்து மேம்படுத்திய கணினிகளில் அது தேர்வுப் பட்டியலில் நின்றது. புதிதாக நிறுவிய கணினிகளிலோ ‘டிஃப்’ வகைப் படங்களுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கப்பட்டது. ஓசூரில் பழைய கணினியை வாங்கி, விண்டோஸைப் புதிதாக நிறுவி உபயோகிப்போர் பட்டியலில் அதனைக் காணாமைக்குக் காரணம் இதுவே.

2022இல் விண்டோஸ் 11க்கென்று ‘போட்டோஸ்’ செயலியும் மறுபடி மாற்றியமைக்கப்பட்டது. முந்தைய வடிவத்தை விரும்புவோருக்காக மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனைப் ‘போட்டோஸ் லெகசி’ என்னும் பெயரில் தன் செயலிக் கடையில் இலவசமாக வைத்தது. விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தமையால், பலர் விண்டோஸ் 11க்கு மாறி இச்சிக்கலை எதிர்கொள்கின்றனர்.

திரும்பப் பெறும் முறை

1. படத்தின் மேல் சுட்டியை வைத்து வலப் பொத்தானை அழுத்தி, ‘ஓபன் வித்’ என்பதைத் தேர்க. பட்டியலில் பழைய படக்காட்டி இருப்பின் அதனைத் தேர்ந்து, ‘எப்போதும்’ என்ற பொத்தானை அழுத்துக. புதுப்பிப்பினால் தேர்வு மட்டும் மாறியிருந்தால் இவ்வளவே போதும்.

2. போட்டோஸ் செயலியின் முந்தைய வடிவமே வேண்டுமென்போர் மைக்ரோசாப்ட் கடையில் ‘போட்டோஸ் லெகசி’யைத் தேடி நிறுவலாம். புதிய போட்டோஸ் செயலியின் அமைப்புப் பக்கத்திலும் இதற்கு வழி உண்டு.

3. பட்டியலில் விண்டோஸ் போட்டோ வியூவர் இல்லையேல், ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் கணினியின் உட்பதிவேட்டில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். கணக்குப் பேரேட்டைத் திருத்துவது போன்ற வேலை இது, பழகியவரே செய்க. முதலில் பதிவேட்டின் நகலை ‘எக்ஸ்போர்ட்’ மூலம் எடுத்து வைக்கவும். பின்பு ‘லோக்கல் மெஷின்’ பிரிவில் சாப்ட்வேர், மைக்ரோசாப்ட், விண்டோஸ் போட்டோ வியூவர், கேப்பபிலிட்டீஸ், பைல் அசோசியேஷன்ஸ் என்று வரிசையாக உள்ளே செல்க. அங்கே டிஃப் வகைக்குரிய வரி ஏற்கெனவே இருக்கும். அதே மாதிரியில் ஜேபிஜி, ஜேபிஇஜி, பிஎன்ஜி ஆகிய மூன்று வகைகளுக்கும், பெயரின் முன் புள்ளியிட்டு, புதிய ‘ஸ்ட்ரிங்’ வரிகளைச் சேர்த்து, டிஃப் வரியிலுள்ள மதிப்பையே அவற்றிற்கும் நகலெடுத்து இடுக. அதன்பின் முதல் முறையிற் சொன்னவாறு தேர்ந்துகொள்ளலாம்.

4. பெரிய புதுப்பிப்பினால் கணினி முழுவதுமே ஒத்துவராமற் போயின், பழைய நிலைக்குத் திரும்ப ‘கோ பேக்’ என்னும் வசதி சாதாரணமாகப் பத்து நாட்கள் வரை கிடைக்கும். ஒரு படக்காட்டிக்காக மட்டும் இதனைச் செய்வது உசிதமன்று. பாதுகாப்புத் திருத்தங்களும் அத்துடன் போய்விடும்.

நிறம் பற்றி நெசவாளர் அறிய வேண்டியது

பழைய படக்காட்டியில் வெள்ளைத் துணி மஞ்சளாகத் தோன்றுவதுண்டு. சில வேளைகளில் நினைவகம் போதவில்லை என்று கூறிப் படத்தைத் திறக்கவே மறுக்கும். இரண்டிற்கும் திரையின் நிறக்குறிப்புக் கோப்பிலுள்ள கோளாறு காரணமாதல் கூடும். இந்தப் படக்காட்டி அக்குறிப்பைப் பின்பற்றிக் காட்டுவதால், குறிப்புப் பிழையானால் நிறமும் பிழையாகும். கன்ட்ரோல் பேனலில் ‘கலர் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குச் சென்று, திரைக்கு ‘எஸ்ஆர்ஜிபி’ என்னும் பொதுக் குறிப்பைச் சேர்த்து அதையே இயல்பாக அமைத்தால் பெரும்பாலும் சீராகும். எவ்வாறாயினும் திரையைப் பார்த்துச் சாயம் கூட்டலாகாது. நூல் மாதிரியைக் கையில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுவதே முறை.

மற்றொன்று. இந்தப் படக்காட்டியில் படத்தைத் திருப்பினால் மாற்றம் மூலக்கோப்பிலேயே பதிந்துவிடும். மூலத்தைத் தனியே வைத்து, நகலில் மட்டும் கை வைக்கவும். ஐபோன்கள் 2017 முதல் எடுக்கும் ‘ஹெய்க்’ வகைப் படங்களையும், வலையிற் பரவலான ‘வெப்பி’ வகைப் படங்களையும் இது அப்படியே திறவாது. அவற்றிற்குப் புதிய செயலியையும் உடன் வைத்துக்கொள்வதே விவேகம்.

பிக்காசா வைத்திருப்போருக்கு

கூகுள் நிறுவனம் 2004இல் வாங்கி இலவசமாக அளித்த பிக்காசா, நம் நாட்டிலும் பலரால் விரும்பப்பட்டது. 2016 மார்ச்சில் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது. அதில் சேமிக்காமல் விட்ட திருத்தங்கள் படத்தினுள் இல்லை. கோப்புறையிலுள்ள சிறு குறிப்புக் கோப்பில் கட்டளைகளாகவே உள்ளன. கரையை மட்டும் வெட்டி வைத்த படம் வேறு செயலியில் முழுப் புடவையாகத் தெரிவது இதனால்தான். சேமித்த திருத்தங்களுக்கு முந்தைய மூலப்படங்களோ அதே இடத்தில் ஒரு மறை கோப்புறையில் இருக்கும். ஆகவே, பயனற்ற கோப்பு என்றெண்ணி இவற்றை அழித்துவிடலாகாது. பிக்காசா இன்னும் இயங்கும் கணினி ஒன்றேனும் இருப்பின், திருத்திய படங்களை ‘எக்ஸ்போர்ட்’ செய்து சாதாரணக் கோப்புகளாக இன்றே மாற்றிக்கொள்வது அவசியம்.

எச்சரிக்கை

பழைய செயலி தருவதாகச் சொல்லும் முன்பின் அறியாத வலைத்தளங்களை நம்ப வேண்டாம். கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் பறிக்கும் நச்சு நிரல்கள் அவ்வழியே நுழையக்கூடும். படம் பார்ப்பதில் என்ன அபாயம் என்று எண்ணுவதும் தவறு. 2023 செப்டம்பரில், வெப்பி படங்களைத் திறக்கும் நிரற்பகுதியிற் கண்ட பழுதுக்காகக் குரோம் முதலிய உலாவிகளை அவசரமாகத் திருத்த நேர்ந்தது. எனவே, ஆதரவு நின்ற செயலிகளில் நம் சொந்தப் படங்களை மட்டும் பார்ப்பதே நன்று. தொலைபேசியில் அழைத்து, கணினியைச் சரிசெய்கிறோம் என்று கட்டணம் கேட்போருக்கு இடங்கொடுக்கலாகாது. பணம் இழந்தோர் தாமதியாமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யவும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒவ்வொரு சங்கமும் மாதிரிப் படங்களை ஆண்டு, தறி, ரகம் என்று பெயரிட்ட சாதாரணக் கோப்புறைகளில் வைக்கட்டும். படத்தின் கோப்புப் பெயரிலேயே ரக எண்ணும் தேதியும் இருந்தால், எந்தச் செயலியின் ஆல்பத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றைச் சங்க அலுவலகத்திலும் மற்றொன்றை வேறோர் இடத்திலும் வைத்தல் நலம். கணினி தெரிந்த இளைஞர் ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைத்து, நகல் எடுத்த தேதியைச் சங்கப் பதிவேட்டில் குறித்து வரச் செய்யலாம்.

செயலிகள் வரும், போகும். பாட்டன் காலத்துக் கரையும், தோப்பின் பத்தாண்டு விளைச்சற் சான்றும் போனால் மீளா. அடுத்த புதுப்பிப்பு வருமுன் அங்கத்தினர்கள் தத்தம் படங்களுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்வார்களாக.